அனுப்பினால் மட்டும் போதுமா?

மும்பை சயானில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தாவுக்குச் சில மாதங்களுக்கு முன் ஊரிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தென்காசி மாவட்டத்தில் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொதுவாக இருந்த புஞ்சையைப் பாகம் பிரிக்கும் பத்திரத்தின் நகல் அதில் இணைக்கப்பட்டிருந்தது. படித்துப் பார்த்து அவர் சரி என்று சொல்லிவிட்டால், பொங்கலுக்கு ஊர் வரும்போது ரிஜிஸ்தர் செய்துவிடலாம் என்பது ஏற்பாடு.

கடிதம் ஒழுங்காக வந்தது. இணைப்பும் வந்தது. செல்போனில் திறந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்துக்கள்! ஆங்கில வார்த்தை ஒன்றுகூட இல்லை. சின்னப் பிள்ளை டைப்ரைட்டரில் கை வைத்தது போல எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தன. நடுநடுவே சர்வே எண், சென்ட் கணக்கு, வருஷம் ஆகியவை மட்டும் தெளிவாகத் தெரிந்தன. நிலம் எத்தனை சென்ட் என்று தெரிகிறது; அது யாருக்கு என்று தெரியவில்லை.

மறுநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தார். அதே கதை. மாலையில் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைப் பையன் நம்மூர்ப் பையன்தான். "ஃபான்ட் இல்லைண்ணே" என்று கையை விரித்தான். ஆனாலும் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து, பக்கக் கணக்குப்படி காசும் வாங்கிக்கொண்டான். புரியாத எழுத்துக்குக் காசு குறைவா என்ன?

ஊருக்குப் போன் செய்தார். அண்ணன் சொன்ன பதில் இது: "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கு தம்பி. பத்திரம் எழுதுறவர் படிச்சுக் காட்டினாரு. அண்ணன் உனக்குத் துரோகமா பண்ணப் போறேன்?"

இதற்கு மேல் என்ன பேசுவது? எழுத்து தெரியவில்லை என்று சொன்னால், நம்பிக்கையில்லை என்று அர்த்தமாகிவிடுகிறது. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்துகொண்டு, கூடப்பிறந்தவனைச் சந்தேகப்பட்டான் என்ற பேர் வேறு. நம்மில் எத்தனையோ பேர் இந்த இடத்தில்தான் "சரி அண்ணே, நீங்க பார்த்தா போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. பத்திரத்தை அங்கேயே பிரிண்ட் எடுத்து, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னார். அண்ணனுக்கு மனஸ்தாபம்தான். இருந்தும் மகனை விட்டு அனுப்பச் செய்தார்.

படித்துப் பார்த்ததில் தம்பிக்குக் கிணற்றில் பாதிப் பாத்தியம் எழுதியிருந்தது. அந்தக் கிணற்றுக்குப் போகவர, அண்ணன் பாகத்தின் வழியாக உள்ள வண்டிப்பாதையில் பாத்தியம் எழுத விட்டுப்போயிருந்தது. அண்ணன் வஞ்சகம் செய்யவில்லை. அவருக்கே அது கவனத்தில் இல்லை. நாற்பது வருஷமாக எல்லோரும் நடக்கிற பாதையைத் தனியாக எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஒரு வரி சேர்த்தார்கள், முடிந்தது. படிக்காமல் கையெழுத்தாகியிருந்தால், இந்தத் தலைமுறையில் ஒன்றும் நடந்திருக்காது. அடுத்த தலைமுறையில் பிள்ளைகள் தென்காசி கோர்ட்டுக்கு நடந்திருப்பார்கள்.

இதில் குற்றம் யாருடையது? பத்திரம் எழுதியவரைக் கேட்டால், "நான் அன்றைக்கே அனுப்பிவிட்டேனே" என்பார். அவர் சொல்வது உண்மை. அவர் கம்ப்யூட்டரில் அந்தப் பத்திரம் முத்து முத்தான தமிழில்தான் தெரிகிறது. மும்பைக்கு வந்து சேர்வதற்குள் அது எப்படிக் கெட்டது?

கெடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. அது புறப்படும்போதே ஆங்கிலமாகத்தான் புறப்பட்டது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கம்ப்யூட்டர் தமிழைத் தமிழாகச் சேமித்து வைப்பதில்லை. உதாரணமாக, பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும். 'ஜே' வருகிற இடத்தில் 'த' என்ற உருவத்தை வரைந்து காட்டுவது மட்டுமே அந்த எழுத்துருவின் வேலை. எழுத்துரு இருக்கிற கம்ப்யூட்டரில் வேஷம் கலையாது. அது இல்லாத இடத்தில் அரிதாரம் போய் ஜே, கே, பி, ஓ என்று நிற்கும். எண்களுக்கு வேஷம் போடவில்லை. அதனால் சர்வே எண் மட்டும் தப்பியது.

ஒரு காலத்தில் இதற்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்ச் சாப்ட்வேர் செய்த ஒவ்வொருவரும் தனக்கென ஒரு எழுத்துருவும் ஒரு விசை அமைப்பும் வைத்திருந்தார்கள். ஒருவர் அடித்ததை மற்றவர் படிக்க முடியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும், தமிழ் 99 விசைப்பலகையும் அதன் பலனாக வந்தன. உலகம் முழுவதற்கும் பொதுவான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000-ல் லதா என்ற யூனிகோடு எழுத்துருவும் கூடவே வந்தது. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், தமிழக அரசே யூனிகோடையும் டேஸ் 16 என்ற முறையையும் தரமாக ஏற்று ஆணை போட்டது. இன்று பத்தாயிரம் ரூபாய் செல்போனிலும் யூனிகோடுத் தமிழ் தெரிகிறது. அப்படியிருக்க, பத்திர எழுத்தர்களும் டி.டி.பி. கடைக்காரர்களும் பழைய எழுத்துருவை விடாததற்குக் காரணம் கைப்பழக்கம். விரல் பழகிவிட்டது, பழைய மாதிரிப் பத்திரங்களும் அதிலேயே இருக்கின்றன. புதிதாக ஏன் கற்க வேண்டும் என்கிறார்கள். பிழைப்பு நடக்கிற தொழிலாளியை நாம் ஒரேயடியாகக் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் அவர் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அனுப்பும்போது ஒரே ஒரு காரியம் கூடுதலாகச் செய்தால் போதும். அதைப் பிறகு பார்ப்போம்.

எழுபதுகளில் நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்த பெரியவர்களுக்கு இது புதிய சங்கதியாக இராது. மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூர் வந்து இறங்கி, டிரங்குப் பெட்டியையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போய், அங்கே அகலப்பாதை வண்டியைப் பிடித்தவர்கள் அவர்கள். ஒன்றின் தண்டவாள அகலம் 1 மீட்டர். மற்றதன் அகலம் 1.676 மீட்டர். இந்த வண்டி அந்தப் பாதையில் ஓடாது. 1992-ல் ஒரே அகலப்பாதைத் திட்டம் தொடங்கிய பிறகுதான் நாடெங்கும் இந்தத் தொல்லை வேகமாகக் குறைந்தது. ஆனால் அந்தக் காலத்திலும் சரக்குக்கு ஒரு நியாயம் இருந்தது. பாதை மாறும் ஜங்ஷனில் மூட்டையை இறக்கி மறு வண்டியில் ஏற்றுவது ரயில்வேயின் பொறுப்பு. சரக்குக்குரியவர் வந்து ஏற்றிக்கொள்ளட்டும் என்று யாரும் நடுவழியில் போட்டுவிட்டுப் போனதில்லை. மின்னஞ்சலில் நடப்பதோ அதுதான்! பாதை மாற்றுகிற வேலை பெறுகிறவர் தலையில் விழுகிறது. அதுவும் யார் தலையில்? சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத, லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிற, கடைக்குப் போய்ப் பக்கத்துக்குப் பக்கம் காசு கொடுக்கிற மனிதர் தலையில்.

தமிழ் எழுத்துரு ஒன்றுதான் தகராறு என்றும் நினைக்க வேண்டாம். மைக்ரோசாப்ட் வேர்டு 2007-ல் கோப்பின் அமைப்பையே மாற்றினார்கள். புதிய வேர்டில் எழுதியதைப் பழைய வேர்டில் திறக்கத் தனியாக ஒரு இணைப்பு நிரலைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில் புதிய சாப்ட்வேர் வாங்கியவர் அனுப்பினார், வாங்காதவர் திண்டாடினார். யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய ஓ.டி.எப். என்ற பொது அமைப்பை 2006-லேயே சர்வதேசத் தர நிர்ணய நிறுவனம் ஏற்றிருந்தது. மைக்ரோசாப்டின் அமைப்புக்கும் அதே அங்கீகாரம் வேண்டும் என்று வந்தபோது, 2007-லும் 2008-லும் இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது. ஆனாலும் 2008-ல் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. 2010 நவம்பரில் மத்திய அரசு, மின் ஆளுமைக்குத் திறந்த தரங்களையே கைக்கொள்வது என்று கொள்கை வகுத்தது. கொள்கை நல்ல கொள்கை. கொள்கைக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் இடையே எத்தனை மேஜைகள் இருக்கின்றன என்பது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வு அமைப்புகளை ஓரளவு பாராட்டலாம். ஐ.பி.பி.எஸ். வங்கித் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்கள் போட்டோ 20 முதல் 50 கே.பி. வரை, கையெழுத்து 10 முதல் 20 கே.பி. வரை என்று அலைவது நமக்குத் தெரியும். அது ஒரு தலைவலிதான். ஆனாலும் எந்த வடிவத்தில், எந்த அளவில் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். வீட்டுக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் அந்த வழக்கமே கிடையாது. எதில் அனுப்பட்டும் என்று அனுப்புகிறவர் கேட்பதில்லை. எதில் வேண்டும் என்று பெறுகிறவர் சொல்வதில்லை.

நம் சங்கங்களையே எடுத்துக்கொள்வோம். பொதுக்குழு அறிவிப்பை வேர்டு கோப்பாக்கி, அதிலும் பழைய எழுத்துருவில் அடித்து, உறுப்பினர் அத்தனை பேருக்கும் அனுப்புகிறார்கள். அறிவிப்பில் இருப்பதோ தேதி, நேரம், இடம், நான்கு வரி நிகழ்ச்சி நிரல். இதைக் கடிதத்தின் உள்ளேயே எழுதினால் என்ன? இணைப்பு எதற்கு? லெட்டர்பேடும் சின்னமும் தெரிய வேண்டுமாம்! கூட்டத்துக்கு ஆள் வராவிட்டால், "எல்லோருக்கும் அனுப்பியாச்சே, யாருக்கும் அக்கறை இல்லை" என்று செயலாளர் வருத்தப்படுகிறார். பதிவுத் தபால் இருந்த காலத்தில்கூட ஒப்புகை அட்டை திரும்பி வந்தால்தான் சேர்ந்ததாகக் கணக்கு. திறக்க முடியாத கோப்பை அனுப்பியவர் எதை வைத்துச் சேர்ந்தது என்கிறார்?

எழுத்துருவை இறக்கிப் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற இலவச நிரல்கள் பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தரும் என்பார்கள். உண்மைதான். சொந்தக் கம்ப்யூட்டர் உள்ளவருக்கு அது நல்ல வழி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் நம் இஷ்டத்துக்கு எதையும் ஏற்ற முடியாது. ஜெராக்ஸ் கடையில் நமக்குப் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். முன்பின் தெரியாத இணையதளத்தில் குடும்பப் பத்திரத்தைக் கொட்டி மாற்றுவதும் உசிதமல்ல. நிலத்தின் விவரமும் உறவு விவரமும் அதில் அப்படியே இருக்கின்றன.

அனுப்புகிறவருக்கு உள்ள அந்த ஒரே காரியம் இதுதான்: பி.டி.எப். ஆக்கி அனுப்புவது. 1993-ல் அடோபி நிறுவனம் கொண்டுவந்த இந்த முறை 2008-ல் சர்வதேசத் தரமாகிவிட்டது. எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கட்டி அனுப்புவதால், பாமினியில் அடித்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். இன்றைய வேர்டிலும், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீசிலும் சேமிக்கும்போதே பி.டி.எப். என்று தேர்ந்தெடுக்கலாம். ஒரு நிமிஷ வேலை. அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பழையபடி ஜே, கே, பி, ஓ வந்துவிடும் என்பது உண்மை. படிப்பதற்கு அது தடையில்லை. எதிராளி திருத்த வேண்டிய நகலாக இருந்தால் மட்டும், யூனிகோடில் அடித்த மூலக் கோப்பையும் சேர்த்து அனுப்புவது நல்லது. பி.டி.எப்.புக்குப் பாஸ்வேர்டு போட்டு, அதைச் சொல்ல மறந்துவிடுகிற புண்ணியவான்களும் உண்டு. பூட்டி அனுப்பினால் சாவியைப் போனில் சொல்ல வேண்டாமா?

நம் பக்கமும் ஒரு தவறு இருக்கிறது. திறக்க முடியாத கோப்பு வந்தால் அதைத் தன் அறியாமை என்று நினைத்துக் கூச்சப்பட்டு, நம்மவர்கள் வாய் திறப்பதில்லை. "எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாக வராது" என்று சொல்லிக்கொள்கிறார்கள். மும்பையில் மராத்தியிலும் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் காரியம் பார்க்கிற மனிதர், சொந்த ஊர்த் தமிழைப் படிக்கத் தெரியாதவர் போலத் தலை குனிவானேன்? அன்றைக்கே பதில் போட வேண்டும்: "வந்தது, எழுத்து தெரியவில்லை, பி.டி.எப். ஆக்கி அனுப்பவும்." அண்ணனுக்கானாலும் வக்கீலுக்கானாலும் சங்கச் செயலாளருக்கானாலும் இதே வாசகம்தான். படித்து முடிக்கும்வரை சரி என்று எழுதவோ சொல்லவோ வேண்டாம்.

சயான் குமாஸ்தாவின் பத்திரம் பொங்கலுக்கு மறுவாரம் ரிஜிஸ்தர் ஆயிற்று. வண்டிப்பாதை பற்றிய வரி நான்காம் பக்கத்தில் இருக்கிறது. பத்திரம் எழுதியவர் எழுத்துருவை இன்னும் மாற்றவில்லை. வெளியூர்க் கட்சிக்காரர் என்றால் மட்டும், "போனிலே பார்ப்பீங்களா, கம்ப்யூட்டர்லே பார்ப்பீங்களா?" என்று முதலில் கேட்டுக்கொள்கிறாராம்.