வயசுக் கணக்கு

ஒரு கால்பந்துக் கோஷ்டி தோற்றுவிட்டால் மறுநாள் காலையில் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "கிழடுகளை வீட்டுக்கு அனுப்பு, வாலிப ரத்தம் வரட்டும்" என்பது ஒரு கட்சி. "இந்தப் பொடிப் பையன்களை நம்பினால் இப்படித்தான், அநுபவம் வேண்டும் ஐயா, அநுபவம்!" என்பது மற்றக் கட்சி. இரண்டுக்கும் நடுவில், "பாதி அது, பாதி இது" என்று பஞ்சாயத்துப் பண்ணுகிற மூன்றாவது ஆசாமியும் ஒருவர் உண்டு. மூவர் சொல்வதும் தவறு என்பது என் கட்சி. அவர்களில் நடுநிலைக்காரர் செய்வதுதான் பெரிய தவறு என்றும் சொல்வேன்.

கதை எழுதுகிறவனுக்குக் கால்பந்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பாத்திரத்தின் வயதைச் சொல்லிவிட்டால் குணத்தைச் சொன்னதாகிவிடும் என்று நினைக்கிற எழுத்தாளன் சோம்பேறி. அவன் கதையில் கிழவர்கள் எல்லாரும் திண்ணையில் உட்கார்ந்து புத்திமதி சொல்வார்கள். வாலிபர்கள் எல்லாரும் துடிதுடிப்பார்கள். நாலு பக்கத்துக்கு மேல் அந்தக் கதையை யாராலும் படிக்க முடியாது. விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் நாம் எல்லாரும் அந்தச் சோம்பேறியாக மாறிவிடுகிறோமே, ஏன்?

வாலிபக் கட்சியாருக்குப் பிரியமான உதாரணம் ஒன்று உண்டு. 1995-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் சங்கத்து மானேஜர் அலெக்ஸ் பெர்குசன், பெயர் பெற்ற மூன்று ஆட்டக்காரர்களை விற்றுவிட்டு, பெக்கம், ஸ்கோல்ஸ், பட், நெவில் சகோதரர்கள் என்று சங்கத்திலேயே வளர்ந்த பையன்களை இறக்கினார். முதல் ஆட்டத்திலேயே ஆஸ்டன் வில்லாவிடம் 3-1 என்று தோல்வி. பையன்களை வைத்துக்கொண்டு எதையும் ஜெயிக்க முடியாது என்று பழைய ஆட்டக்காரர் ஆலன் ஹான்சன் டெலிவிஷனில் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பருவத்தில் லீக், கோப்பை இரண்டையும் யுனைடெட் தட்டிக்கொண்டு போயிற்று. அந்த ஒரு தீர்ப்புக்காக ஹான்சன் வாங்கிக் கட்டிக்கொண்ட கேலிக்கு அளவில்லை.

சரி, பையன்கள் மட்டுமா ஜெயித்தார்கள்? கோலில் நின்ற ஷ்மைக்கேல் முப்பதைத் தாண்டியவர். காப்பு வரிசையில் நின்ற புரூஸுக்கு அந்தப் பருவத்தின் நடுவில் வயது 35. முன் வரிசையில் பிரெஞ்சுக்காரர் கான்டனாவுக்கு 29. வில்லாவிடம் தோற்ற அன்று கான்டனா தடையில் இருந்தார். அக்டோபரில்தான் மைதானத்துக்குத் திரும்பினார். 1996 மார்ச்சில் நியூகாஸிலுக்குப் போய் 1-0 என்று ஜெயித்தபோது கோல் போட்டவர் அவர். பந்தை உள்ளே விடாமல் காத்தவர் ஷ்மைக்கேல். கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரே கோலும் கான்டனாவுடையதுதான். ஹான்சன் சொன்னது பொய்த்தது. ஆனால் அதனால் வாலிபக் கட்சியின் வாதம் மெய்யாகிவிடவில்லை.

அநுபவக் கட்சியார் இப்போது முகம் மலர வேண்டாம். உங்கள் கட்சியின் குலதெய்வம் இத்தாலியின் கோல் காவலர் டினோ ஜோப். 1978-ல் ஹாலந்துக்காரர்கள் தூரத்திலிருந்து அடித்த பந்துகள் அவரைத் தாண்டிப் போனபோது, முப்பத்தாறு வயது மனிதருக்கு இனி ஓய்வுதான் என்ற பேச்சு எழுந்தது. பயிற்சியாளர் பேர்ஸோட் அவரை விடவில்லை. 1982-ல், நாற்பதாவது வயதில், ஜோப் தலைவராக நின்று உலகக் கோப்பையை வாங்கினார். பிரேஸிலுடன் ஆடிய ஆட்டம் முடியப் போகிற சமயத்தில், கோட்டின்மேல் அவர் பந்தை அமுக்கிப் பிடித்திராவிட்டால் இத்தாலி அன்றே ஊருக்குத் திரும்பியிருக்கும்.

ஆனால் அதே ஆட்டத்தில் காயம்பட்ட ஒருவருக்குப் பதிலாக உள்ளே வந்தவனைப் பற்றி நீங்கள் ஏன் பேசுவதில்லை? அவன் பெயர் பெர்கோமி, வயது 18. இறுதி ஆட்டத்தில் ஜெர்மானியத் தலைவர் ரும்மெனிகேயை நிழல்போல் தொடர்கிற வேலையை அந்தப் பையனிடம்தான் கொடுத்தார்கள். இத்தாலி 3-1 என்று ஜெயித்தது. கிழவரும் பையனும் ஒரே காப்பு வரிசையில், ஒருவர் குரல் மற்றவர் காதில் விழும் தூரத்தில் நின்றார்கள். அதைக் கவனியுங்கள்.

இதைக் கேட்டதும் நடுநிலைக்காரர், "நானும் அதைத்தானே சொன்னேன், பாதிக்குப் பாதி" என்பார். இல்லை ஐயா, நீங்கள் சொன்னது அதுவல்ல. பிரேஸிலைப் பாருங்கள். 1958-ல் ஸ்வீடனில் பியோலா பயிற்றிய கோஷ்டியில் பெலேக்கு 17, டிடிக்கு 29, நில்டன் சாண்டோஸுக்கு 33. இறுதி ஆட்டத்தில் நாலாவது நிமிஷத்திலேயே ஸ்வீடன் கோல் போட்டது. டிடி பந்தை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், மைதானத்தின் நடுவுக்கு நடந்து வந்தார். பதறியிருக்கக்கூடிய பையன்கள் பதறவில்லை. 5-2 என்று ஜெயித்தார்கள். அதில் இரண்டு கோல் பெலேயுடையவை.

1966-ல் இங்கிலாந்துக்குப் போனபோதும் அதே பியோலாதான் பயிற்சியாளர். பாதிக்குப் பாதி என்ற கணக்கில் குறையே இல்லை. ஜால்மா சாண்டோஸுக்கு 37, பெல்லினிக்கு 36, கில்மருக்கு 35. டோஸ்டாவுக்கு 19, எடுவுக்கு 16! பயிற்சிக்கு அழைத்தவர்களே நாற்பது பேருக்கு மேல். ஆனால் யார் யாரோடு ஆடுவது என்பது கடைசி வரையில் முடிவாகவில்லை. ஹங்கேரியிடம் 3-1 என்று தோற்றதும் கில்மர், ஜால்மா, பெல்லினி, கரிஞ்சா நால்வரையும் ஒரே மூச்சில் வெளியே நிறுத்தினார்கள். போர்ச்சுகலிடமும் அதே 3-1. முதல் சுற்றோடு மூட்டை கட்டினார்கள்.

"பெலேயை உதைத்து வீழ்த்திவிட்டார்களே, பியோலா என்ன செய்வார்?" என்று ஒரு சமாதானம் உண்டு. உதைத்தது உண்மைதான். ஆனால் 1962-ல் சிலியிலும் இரண்டாவது ஆட்டத்திலேயே பெலே காயம்பட்டு விலகினார். அவர் இடத்தில் வந்த அமரில்டோ, ஸ்பெயினுக்கு எதிரே இரண்டு கோல் போட்டார். இறுதி ஆட்டத்திலும் ஒன்று போட்டார். கோப்பை பிரேஸிலுக்கே கிடைத்தது. அமரில்டோவைச் சுற்றி நின்றவர்கள் வருஷக் கணக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். 1966-ல் பையன்களைச் சுற்றி அப்படி யாரும் இல்லை. எண்ணிக்கை சரியாக இருந்தும் இணைப்பு இல்லாமற் போயிற்று.

நாதஸ்வரக் கோஷ்டிகளுக்கு இது தெரியும். பையன் முதலில் ஒத்து ஊதுகிறான். பிறகு பெரியவருக்குப் பக்கத்தில் நின்று இரண்டாவது நாயனம் பிடிக்கிறான். பெரியவர் விட்ட இடத்தில் அவன் எடுத்துக்கொள்ள வேண்டும். தப்பினால் ஒரு பார்வை, அவ்வளவுதான். இதெல்லாம் பெரியவருக்கு மூச்சு இருக்கும்போதே நடக்கிறது. அவர் மூச்சு ஓய்ந்த பிறகு பையனைத் தேடிப் பிடித்து, கல்யாணப் பந்தலில் நிறுத்தி, "எங்கே, வாசி பார்க்கலாம்" என்று யாரும் சொல்வதில்லை.

இந்தியக் கால்பந்தில் நாம் செய்தது அதைவிட மோசம். சுனில் சேத்ரி 2005 முதல் 2024 ஜூன் வரையில் தேசத்துக்காக ஆடி, 94 கோல் போட்டு ஓய்வு பெற்றார். 2025 மார்ச்சில், நாற்பது வயது மனிதரை மறுபடியும் கூப்பிட்டார்கள். வந்தார், மாலத்தீவுக்கு எதிரே கோலும் போட்டார். அக்டோபரில் சிங்கப்பூரிடம் 2-1 என்று தோற்று, 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைபட்டதும், கிழவரைக் கட்டிக்கொண்டு அழுததன் பலன் இது என்று பேசினார்கள்.

பத்தொன்பது வருஷம் அவர் ஆடினாரே, அவருக்குப் பக்கத்தில் யாரை நிறுத்தினீர்கள்? ஜேஜே லால்பெக்லுவா சில வருஷம் நின்றார். காயம் அவரை விழுங்கியது. அப்புறம்? 2014-ல் தொடங்கிய பெரிய லீகில் சங்கங்கள் அந்நிய ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து அழைத்து வந்தன. அதில் தவறில்லை. களத்தில் ஐந்து அந்நியர் என்பதை 2021-ல் நான்காகவும் குறைத்தார்கள். ஆனால் அந்த நான்கு இடங்களில் ஒன்று பெரும்பாலும் நடு முன்னணிக்காரருடையது. நம் பையன் ஓரத்தில் ஓடப் பழகுகிறான். கோலுக்கு எதிரே நின்று பழகுவதில்லை. பழகாதவனைத் தேசிய அணியில் இறக்கி, இரண்டு ஆட்டத்தில் கோல் வரவில்லை என்று தள்ளிவிட்டு, மறுபடியும் சேத்ரியிடம் ஓடினார்கள்.

ஒரு பையனுக்கு இடம் கொடுத்தால் இன்றைய ஆட்டம் போய்விடுமே என்று தேர்வாளர்கள் அஞ்சலாம். போகட்டும். கணக்கில் சேராத சிநேக ஆட்டங்களில் போகட்டும். ஜெயித்துவிட்ட ஆட்டத்தின் கடைசி அரை மணியில் பெரியவரை உட்கார வைத்துவிட்டுப் பையனை அனுப்புங்கள். பெரிய ஆட்டக்காரர்களுக்கும் இதில் கடமை உண்டு. தமக்குப் பின் வருகிறவனைத் தாமே தேடிப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளாதவர் எத்தனை கோல் போட்டாலும் பாதி வேலைதான் செய்தவர்.

ஆகையால், அடுத்த முறை அணியின் பட்டியல் வெளிவரும்போது வயதைக் கூட்டி வகுத்துச் சராசரி பார்த்துக்கொண்டிராதீர்கள். பெரியவருக்குப் பக்கத்தில் எந்தப் பையனை நிறுத்தியிருக்கிறார்கள், அவனுக்கு எத்தனை நிமிஷம் கொடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தாராளமாகக் கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோபம் பட்டியல் போட்டவர்கள் மேல் போகட்டும். நாற்பது வயதிலும் கூப்பிட்ட குரலுக்கு வந்து ஓடிய மனிதர் மேல் வேண்டாம்.