சர்வீஸ் டிசைன் கோர்ஸுக்கு ஒன்றரை லட்சம் கட்டுறதுக்கு முன்னாடி

"சார், சர்வீஸ் டிசைன் பக்கம் மாறப்போறேன், கோர்ஸ் ஃபீஸுக்கு இ.எம்.ஐ. போடலாமா?" என் பதில்: இப்ப வேண்டாம்.

போன மாசம் ஏற்காடு போனேன். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஹோம்ஸ்டேவில் இறங்கினா, "அட்வான்ஸ் கட்டிட்டீங்களா?" என்று மூணு பேர் தனித்தனியா கேட்டாங்க. எஸ்டேட் காபி பிரமாதம். ஆனா கிளம்பும்போது பில் வர 40 நிமிஷம்! யார் யாருக்குத் தகவல் சொல்லலை, விருந்தாளி எங்கே காத்திருக்கார் என்று ஒரு பேப்பரில் வரைஞ்சு பார்த்தேன். இந்தத் துறையின் அடிப்படை வேலையே அதுதான்.

1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்க. ஒரு டாக்டருக்கு ரெண்டு ஆபரேஷன் மேஜை. ஒருவருக்கு முடியும்போது பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயார். டாக்டரின் நேரம் வீணாகாது, செலவும் குறையும். இப்படி வேலை செஞ்சவங்க கண் டாக்டர்களும் நர்ஸுகளும்தான்.

இப்போ கணக்கு. ஃபீஸ் 1,50,000, ஜி.எஸ்.டி. 18% சேர்த்தா 1,77,000. உங்க சொந்தப் படிப்புக்குக் கட்டுற ஃபீஸுக்கு வரிக்கழிவு கிடையாது (அது பிள்ளைங்க ஃபீஸுக்குத்தான், பலர் குழப்பிக்கிறாங்க). கம்பெனி கட்டுமான்னு முதல்ல ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க.

அதுவரை, உங்க ஆபீஸ்ல ஒரு டிராவல் கிளெய்ம் எத்தனை கை மாறுதுன்னு வரைஞ்சு, ஒரு கையைக் குறைச்சுக் காட்டுங்க. ரெஸ்யூமேல அதைப் போடுங்க. அப்புறமும் ஆசை இருந்தா, சேர்த்து வச்ச பணத்துல சேருங்க.