செத்துப் பிறக்கும் பன்றிக்குட்டிகள்

ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்துவிட்டதை 2022 பிப்ரவரி இறுதியில் காட்டிக்கொடுத்தவை பன்றிப் பண்ணைகள். குட்டிகள் செத்துப் பிறக்கின்றன என்று பண்ணைக்காரர்கள் கால்நடை மருத்துவரிடம் போனார்கள். அதன் பிறகுதான் மனிதர்களிடம் கண்ட மூளைக்காய்ச்சலுக்கும் காரணம் துலங்கியது. அந்தப் பருவத்தில் 45 பேருக்கு நோய் கண்டு 7 பேர் இறந்தார்கள்.

பட்டுக்கோட்டைப் பக்கம் கால்நடை மருந்தகம் நடத்தும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் முதலில் அறியப்பட்டது 1955-ல், நம் வேலூரில்தான். 1973-ல் வங்காளத்தின் பாங்குரா, பர்த்வான் மாவட்டங்களில் கொள்ளைநோயாக வெடித்தது. இலங்கையில் 1985-ல் அனுராதபுரம் பக்கம் வந்தபோது, புதுப் பாசன வயல்களுக்கு நடுவே பன்றி வளர்ப்பும் பெருகியிருந்தது. கொக்கும் மடையானும் சுமக்கும் வைரஸ் பன்றியின் உடம்பில் பல்கிப் பெருகுகிறது. தேங்கிய வயல்நீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு அதை மனிதருக்குக் கொண்டுவருகிறது.

அப்படியானால் நெல்லே வாழ்க்கையான தஞ்சை மாவட்டம் இந்நோயின் கோட்டையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே கிராமத்துக் குழந்தைகளிடம் தொற்று குறைவு என்று 2000-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பன்றியைவிட மாடு பல மடங்கு அதிகம் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். இந்தக் கொசுவுக்கு மாட்டின் ரத்தம்தான் பிடித்தம்; மாட்டுக்குள் போன வைரஸோ அங்கிருந்து மேலே பரவுவதில்லை. டெல்டாவின் குழந்தைகளைக் காத்ததில் கொட்டில் மாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

அந்தக் கொட்டில்களின் இன்றைய நிலை உங்களுக்குத் தெரியும். ஏர்மாடு போய் டிராக்டர் வந்துவிட்டது. இன்னொரு பக்கம் பன்றி வளர்ப்பு லாபத் தொழிலாகச் சொல்லப்படுகிறது. ஊர் ஓரச் சாக்கடைகளில் திரியும் பன்றிகள் தனிக் கணக்கு. கல்லணைக் கால்வாயின் கடைமடையில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் கொசுப்புழு குறையும். அது வேளாண் துறையின் வேலை, அவர்களோடு பேசுவோம். மாடு–பன்றிக் கணக்கு மட்டும் முழுக்க நம் பொறுப்பு. பஞ்சாயத்து வாரியாக அதை எடுத்து வைக்க வேண்டும். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கும்போது இது முடியாத காரியமில்லை.

ஐப்பசி, கார்த்திகையில், சம்பா வயலில் நீர் நிற்கும் நாட்களில், ஒரே ஈற்றில் சில குட்டிகள் கறுத்து வற்றி விரல் நீளத்தில், சில முழு வளர்ச்சியோடு செத்து, ஒன்றிரண்டு நடுங்கியபடி பிறந்தால், 'பார்வோ' என்று எழுதி முடித்துவிடாதீர்கள். தாய்க்குக் காய்ச்சலே இருந்திருக்காது. ஆண் பன்றிகள் சில காலம் சினைப்படுத்தும் திறன் இழந்தனவா என்றும் விசாரியுங்கள். கையுறை போட்டு, செத்த குட்டிகளின் மூளையையும் தாயின் ரத்தச் சீரத்தையும் ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். மனிதரில் மூளைக்காய்ச்சல் கண்டவர்களில் மூன்றில் ஒருவர்வரை இறக்கலாம். நோயைத் தீர்க்கும் மருந்தும் கிடையாது. ஆகவே ஆய்வக முடிவு வரும்வரை காத்திருக்காமல், கொட்டகையைச் சுற்றியுள்ள வீடுகளில் எந்தக் குழந்தைக்காவது காய்ச்சலோ வலிப்போ உண்டா என்று கேட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.