வரைபடத்தில் இல்லாத பிள்ளை

காணிக்கு எல்லையுண்டு, எல்லைக்கு உறுதியுண்டு, உறுதிக்கு நில அளவைப் படமுண்டு. ஓரடி நிலம் பிசகினும் நீதிமன்றப் படியேறும் உலகம் இது. ஆனால், ஒரு பிள்ளை கணக்கிலிருந்து பிசகினால் வழக்குத் தொடுப்பார் யார்?

நைஜீரியாவைப் பாருங்கள். 2012ஆம் ஆண்டில் உலகெங்கும் இயற்கை வைரசினால் இளம்பிள்ளைவாதம் கண்டோர் 223 பேர்; அவருள் 122 பேர் அந்நாட்டினர். மருந்தில்லையா? இருந்தது. ஊழியரில்லையா? வீடுவீடாகச் சென்றனர். பின் நோய் ஒழியாதது ஏன்? சென்றோர் கையிலிருந்தது கையால் வரைந்த படம். அதில் ஊர்களே விடுபட்டிருந்தன. இரு உள்ளூராட்சிப் பிரிவுகளின் எல்லையிற் கிடந்த குடியிருப்பை இரு பகுதியாரும் கைவிட்டனர். புலானி இடையரின் குடில்கள் பல எந்த ஏட்டிலும் ஏறவில்லை. தெரிந்த ஊர்களை மட்டும் எண்ணிக் கணக்கெழுதினால், நூற்றுக்கு நூறு என்று அறிக்கை விடுப்பது அரிதோ?

அவ்வாண்டு முதல் வட மாநிலங்களில் செய்மதிப் படங்களைக் கொண்டு ஊர்கள் அடையாளங் காணப்பட்டன. ஊழியர் நேரிற் சென்று பெயரும் இடமும் பதிந்தனர். மருந்தூட்டுவோர் கொண்டுசென்ற கைத்தொலைபேசி அவர்கள் நடந்த வழியைக் குறித்தது. “சென்றோம்” என்ற வாய்ச்சொல் இருந்த இடத்திற் சுவடே சாட்சியாயிற்று. 2013இல் 53 பேர்; 2014இல் 6 பேர்.

படம் ஒன்றே இதனைச் சாதித்தது என்பது எமது வாதமன்று. 2003இல் வதந்தியை நம்பிக் கானோ மாநிலம் மருந்தையே மறுத்தது; மதத் தலைவரும் ஊர்ப் பெரியோரும் முன்வந்தே நம்பிக்கையை மீட்டனர். 2016இல், போர் சூழ்ந்த போர்னோவில் நோய் மீண்டும் தலைகாட்டியது. கால் புகாத அவ்விடத்தும், மக்கள் வாழும் ஊர் எது, வெறிச்சோடிய ஊர் எது எனச் செய்மதியே காட்டிற்று. 2020 ஆகஸ்ட் 25இல், இயற்கை வைரஸ் ஆபிரிக்கப் பிராந்தியத்தை விட்டு நீங்கியதென உறுதிசெய்யப்பட்டது.

“படத்துக்குச் செலவிடும் பணத்தை மருந்துக்குச் செலவிடலாகாதா?” என்பார் உளர். களஞ்சியத்தில் விதைநெல் நிறைந்திருந்தும் வயல் எதுவென அறியாதவன் எங்கே விதைப்பான்?

மற்றோர் ஐயம் நியாயமானது. மருந்தூட்டுவோருக்கு வழிகாட்டும் படம், படைக்கும் வழிகாட்டாதா? காட்டும். அதனாற் படத்தைக் கிழிப்பது அறிவன்று. அதற்குச் சட்டத்தால் வேலியிடுவதே அறிவு. வீட்டைக் குறிக்கும் ஏடு சுகாதாரப் பணிக்கன்றி வேறெதற்கும் பயன்படலாகாது. ஊர்களின் பட்டியலோ அவ்வூராரின் பார்வைக்குத் திறந்திருத்தல் வேண்டும். விடுபட்டதைச் சுட்ட அவர்களிலும் தக்கார் எவருமிலர்.

வாசகர்களே! “எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம்” என்று எந்த அரசு கூறினும், அதனை நிரூபிக்கும் பாரம் அவ்வரசினதே. உங்கள் பிரிவின் படத்தைக் கேளுங்கள். உங்கள் கடைசி ஒழுங்கை அதில் உண்டா என்று பாருங்கள். இல்லையெனின், அவ்வொழுங்கையிற் பிறந்த பிள்ளைக்காக வாதாட நீங்களே எழுந்து நில்லுங்கள்!