ஆதன் என்னும் பெயர் கீறிய ஓடு



மதுரையிலிருந்து தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடிக்கு உங்களில் பலர் சென்றிருப்பீர்கள். 2014-15ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வைப் பின்னர் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை தொடர்ந்தது. 2023 மார்ச் மாதத்தில் அங்கே அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. கீழடி என்றவுடன் அதன் தொன்மையைக் குறித்தே நாம் வாதிடுகிறோம். அங்கே கிடைத்த சிறிய பொருள்களைச் சற்று உற்றுப் பாருங்கள்: தந்தச் சீப்பு, பொன் அணிகலன்கள், பகடைக்காய், பிள்ளைகள் ஆடிய வட்டச் சில்லுகள். இவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கையிலிருந்து தவறியவை, அல்லது கைவிடப்பட்டவை.

பானை ஓடுகள் சிலவற்றில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. ஆதன் என்பது ஒன்று. குவிரன் ஆதன் என்பது மற்றொன்று. யார் இந்த ஆதன்? கூட்டுக் குடும்பத்தில் தன் பானை மாறிவிடாதிருக்கப் பெயர் எழுதினானோ? திருமணத்திற்கு வந்த பரிசில் யாரேனும் எழுதிக் கொடுத்தார்களோ? இவ்வாறு எண்ணிப் பார்ப்பது தவறன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மண்ணில் கிடந்த ஒருவனை மனிதனாக மதிப்பதற்கு அதுவே முதற்படி.

ஆனால் ஓர் எல்லை உண்டு. ஓடு சொல்வது ஒரு பெயரை மட்டுமே. மற்றவை நாம் சேர்ப்பவை. உடைந்த பானையை ஒட்டவைக்கும் வல்லுநர்கள், கிடைக்காத பகுதியைச் சுதையால் நிரப்பினாலும், அது பின்னாளில் சேர்த்தது என்று தெரியும்படி நிறத்தைச் சற்றே வேறுபடுத்தி விடுவார்கள். அந்த நேர்மை ஆதனைத் தங்கள் கூட்டத்தான் என்று உரிமை கொண்டாடுகிறவர்களுக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும்.

உபாகமம் 22ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தை வாசித்துப் பாருங்கள். காணாமற்போன பொருளைக் கண்டெடுத்தவன் காணாதவன்போல் விலகிச் செல்லலாகாது. உடையவன் யாரென்று தெரியாவிட்டால், அவன் தேடி வருமளவும் அதைத் தன் வீட்டில் வைத்துக் காக்க வேண்டும். மாடு, கழுதை மட்டுமல்ல, ஒரு வஸ்திரத்திற்கும் அந்தக் கட்டளை பொருந்தும். கண்டெடுத்தவன் காவலன், உடையவன் அல்லன். ஆதன் இனித் தேடி வரப்போவதில்லை. ஆயினும் அவன் பொருளைக் காக்கும் கடமை தீர்ந்துவிடவில்லை.

பிரியமானவர்களே, நம் சபையிலும் ஓடுகள் நம் கையில் அகப்படுகின்றன. கணவன் வீட்டிலிருந்து தாய்வீட்டிற்குத் திரும்பிய ஒரு மகள்; இரண்டு மாதமாக ஆராதனைக்கு வராத ஒரு குடும்பம்; பூர்வீக நிலத்தைத் திடீரென விற்றுவிட்ட ஒரு சகோதரன். நாம் அறிந்தது அவ்வளவே. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலைக் கடப்பதற்குள் முழுப் பானையையும் வனைந்துவிடுகிறோம். எது ஓடு, எது சுதை என்று கேட்பவருக்குத் தெரியாது. சில நாளில் சொன்னவருக்கே தெரியாமற்போகும். ஆதனைப் பற்றிய நம் கற்பனை அவனை வருத்தாது. அந்த மகளோ அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள் காதுக்கு அது எட்டும்.

ஆகையால் இந்த வாரம் உங்கள் கைக்கு ஒருவருடைய வாழ்வின் துண்டொன்று வந்தால், அதைக் காத்து வையுங்கள். அவளைப் போய்ப் பாருங்கள். அவள் சொல்ல விரும்பினால் கேளுங்கள். விரும்பாவிட்டால் ஜெபித்துவிட்டுத் திரும்புங்கள். மனிதனை முழுமையாய் அறிந்தவர் கர்த்தர் ஒருவரே. ஒவ்வொருவருடைய கதையையும் அவரவர் கையில் திருப்பிக் கொடுக்கும் உண்மையை அவர் நமக்கு அருளுவாராக. ஆமென்.