சான்றிதழ் மட்டும் உயிரைக் காக்காது

கைபேசி சார்ஜரைப் பிரித்தால், பெரும்பாலும் நீல நிறத்தில், பொத்தான் அளவிலான மின்தேக்கி ஒன்று தென்படும். 230 வோல்ட் மின்சாரம் பாயும் பகுதிக்கும், கைபேசியுடன் இணையும் பகுதிக்கும் இடையே மின்காப்பு இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. மின் இரைச்சலைத் தணிப்பதற்காக அந்தக் காப்பைத் தாண்டி இரு பகுதிகளையும் இணைக்க அனுமதிக்கப்பட்ட மிகச் சில பாகங்களில் இந்த மின்தேக்கியும் ஒன்று. அது பழுதாகி உள்ளுக்குள் இணைந்துவிட்டால், 230 வோல்ட் பயன்படுத்துபவரின் கைக்கே வந்து சேரும்.

எனவேதான் ஐஇசி 60384-14 என்ற சர்வதேசத் தரநிலை, இத்தகைய மின்தேக்கிகளை 'ஒய்' வகை எனத் தனியே பிரித்துள்ளது. ஒய்1 வகை 8,000 வோல்ட் மின் அதிர்வையும், ஒய்2 வகை 5,000 வோல்ட் அதிர்வையும் தாங்க வேண்டும். இரட்டைக் காப்புக்கு ஒரு ஒய்1 போதும்; ஒய்2 என்றால் தொடராக இரண்டு தேவை. அளவுக்கும் வரம்பு உண்டு. 2.2 நானோஃபாரட் மின்தேக்கி வழியே சுமார் 0.16 மில்லி ஆம்பியர் கசியும். நிலத்தொடர்பு இல்லாத இரு முனைச் சாதனங்களுக்கு 0.25 மில்லி ஆம்பியரே உச்ச வரம்பு. மடிக்கணினியின் உலோக உடலைத் தொடும்போது சிலர் உணரும் சுருக்கென்ற உணர்வுக்கு இக்கசிவே பெரும்பாலும் காரணம். 10 நானோஃபாரட் பொருத்தினால் கசிவு 0.7 மில்லி ஆம்பியரைத் தாண்டிவிடும்.

மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையை மத்திய அரசு 2012-இல் பிறப்பித்தது. 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த ஆணையில், தொடக்கத்தில் 15 வகைப் பொருள்கள் இருந்தன. சார்ஜர்களும் கைபேசிகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. இது வரவேற்கத்தக்க நடவடிக்கை என்பதில் ஐயமில்லை.

ஆனால், இப்பதிவு உற்பத்தியாளர் அளிக்கும் மாதிரியின் சோதனை அறிக்கையையும், அவரது சுய உறுதிமொழியையும் அடிப்படையாகக் கொண்டது. சோதனைக்குச் சென்ற மாதிரியில் ஒய்1 இருந்தது என்பதால், கடைக்கு வரும் பொருளிலும் அது இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. சாதாரண வட்ட மின்தேக்கியும் பார்வைக்கு ஏறத்தாழ அப்படியே இருக்கும், விலையோ குறைவு. அதைப் பொருத்தினாலும் சார்ஜர் குறையின்றி இயங்கும். மின்னல் அல்லது மின்னழுத்த எழுச்சி தாக்கும் நாளில்தான் குறை வெளிப்படும்.

அமெரிக்காவின் யுஎல் நிறுவனம் 2016-இல் 400 போலி சார்ஜர்களைச் சோதித்தபோது, அடிப்படைப் பாதுகாப்புச் சோதனைகளில் தேறியவை மூன்று மட்டுமே. முத்திரையைவிடப் பொருளைச் சோதிப்பதே முக்கியம் என்பதை இது உணர்த்துகிறது.

கண்காணிப்பை இறுக்கினால் சிறு உற்பத்தியாளர்கள் நலிந்துவிடுவார்கள் என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆயினும், தரச்சான்று பெற்ற மின்தேக்கியை வாங்கிப் பொருத்தச் சோதனைக்கூடம் தேவையில்லை. சில ரூபாய் கூடுதல் செலவே போதும். நேர்மையாக அச்செலவைச் செய்பவரை, செய்யாதவர் விலையில் வீழ்த்துவதுதான் உண்மையான அநீதி.

புதிய படிவங்கள் இதற்குத் தீர்வாகா. இந்திய தர நிர்ணய அமைவனம் கடைகளிலிருந்தும் இணைய வணிகக் கிடங்குகளிலிருந்தும் முன்னறிவிப்பின்றிப் பொருள்களை வாங்கி, பிரித்து, உள்ளிருக்கும் பாகங்களைப் பதிவின்போது அளிக்கப்பட்ட பட்டியலுடன் ஒப்பிட வேண்டும். சந்தை மாதிரிச் சோதனைக்கு இப்போதே வழியுண்டு. அதுவே திட்டத்தின் மையமாக வேண்டும். முடிவுகளைப் பதிவு எண்ணுடன் பகிரங்கமாக வெளியிட வேண்டும். 'பிஐஎஸ் கேர்' செயலி, பதிவு எண் உண்மையானதா என்பதைச் சொல்கிறது. அந்தப் பொருள் சந்தைச் சோதனையில் தேறியதா என்பதையும் அது சொல்லட்டும்.

உள்ளே இருப்பதைப் பிரித்துப் பார்க்க நுகர்வோரால் இயலாது. அவர்கள் சார்பில் பிரித்துப் பார்க்க வேண்டியது அரசின் கடமை.