தோட்டத்துக் குற்றமும் துரைத்தனச் சட்டமும்

"தோட்டத்தான் குடிப்பான், களவெடுப்பான், அடிபிடிப்படுவான், அது அவன் பிறவிக் குணம்." இவ்வாறு கூறுவோர் ஹல்துமுல்லைக் கடைவீதியிலும் உளர், கொழும்பிலே கற்றோர் கூடும் மண்டபங்களிலும் உளர். தமிழ் பேசும் நடுத்தர வர்க்கத்தாரே இதனை மிகுந்த உறுதியோடு கூறுகின்றனர் என்பது வெட்கத்துக்குரியது. பாடசாலை ஆசிரியர் அறைகளும் இதற்கு விலக்கல்ல.

இக்கூற்றுக்கு ஒரு காலத்தில் விஞ்ஞானப் போர்வையும் கிடைத்தது. இத்தாலிய மருத்துவர் லொம்புரோசோ, மண்டையோட்டையும் தாடையையும் அளந்து குற்றவாளியை அடையாளங் காணலாமென 1876இல் எழுதினார். இந்தியாவிலே ஆங்கிலேயர் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911க்குப் பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் வந்து, மதுரைப் பக்கத்துக் கள்ளர் சமூகத்தினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாக்கிற்று. அச்சட்டம் ஒழிந்தது; லொம்புரோசோவின் முடிவுகளையும் அறிஞர் என்றோ நிராகரித்தனர். அளவுகோல் மட்டும் நம்மவர் கையைவிட்டு இன்னும் விழவில்லை!

மலையகத்திலே குற்றம் எவ்வாறு பிறந்தது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தைப் பாருங்கள். ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டு ஓடிய தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை சிறை. வேலையை விட்டமையே அவன் செய்த குற்றம்! கடன்தொகை எழுதிய 'துண்டு' இன்றி வேறு தோட்டம் அவனை ஏற்காது. அத்தொகையைப் புதிய துரை கட்டினாலன்றி அவனுக்கு விடுதலையில்லை. 1921இல் துண்டுமுறை ஒழிக்கப்பட்டது. சிறைத்தண்டனையும் 1920களின் தொடக்கத்தில் நீங்கிற்று. நேற்றுவரை குற்றவாளியாயிருந்தவன் மறுநாள் குற்றமற்றவனானான். அவனது இரத்தம் மாறவில்லை, சட்டம் மாறிற்று.

சமுதாயம் எல்லோர் நெஞ்சிலும் ஒரே ஆசையை வளர்க்கிறது, அதனை நேர்வழியில் எய்தும் படிகளையோ சிலருக்கே வைக்கிறது, இவ்விடைவெளியிலே நெறிபிறழ்வு முளைக்கிறது என்றார் அமெரிக்கச் சமூகவியலாளர் ரொபேட் மேட்டன். 1938இல் எழுதப்பட்ட அக்கருத்தை விளங்கிக்கொள்ள ஒரு லயன் காம்பிராவே போதும். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் மூன்று தலைமுறை. ஆண்டுக் கணக்காகப் போராடி 2021இல் பெற்ற ஆயிரம் ரூபா நாட்சம்பளத்தை அடுத்த ஆண்டின் விலையேற்றம் விழுங்கிற்று. உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்க விரும்பும் மாணவன் ஊர்விட்டு ஊர் போக வேண்டும். இடையிலே படிப்பை விட்டவன் கொழும்புக் கடையொன்றில் மூட்டை தூக்கித் தீபாவளிக்குத் திரும்புகிறான். கையிலே உலகத்தையெல்லாம் காட்டும் தொலைபேசி, சட்டைப்பையிலே பேருந்துக் கட்டணம்.

வறுமை மட்டுமே குற்றத்தை விளைவிப்பதாயின் லயன்களுக்குச் சிறைச்சாலைகள் போதா. பெரும்பாலானோர் பிறர் பொருளைத் தொடாது உழைத்தே மாய்கின்றனர். குற்றமும் ஒரு தொழிலைப்போலக் கூட்டாளிகளிடம் கற்கப்படுவது என எட்வின் சதர்லாந்து விளக்கினார். கசிப்புக் காய்ச்சக் கற்றுக்கொடுக்க ஆளிருக்கிறது. தச்சுவேலையோ மின்வேலையோ கற்றுக்கொடுக்க ஆளில்லை. கசிப்புக் காய்ச்சுபவனைத் தேடிப் பொலிசார் மலையேறுகின்றனர். அதே தொழிலாளியின் சம்பளத்தை உறிஞ்சும் மதுக்கடைக்கோ அரசு உத்தரவுப் பத்திரம் வழங்குகிறது. போத்தலில் முத்திரையிருந்தால் வருமானம், இல்லாவிடின் குற்றம்.

இதனாற் கசிப்பை நான் நியாயப்படுத்துவதாக எவரும் கொள்ள வேண்டாம். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு மேட்டனின் கட்டுரை ஆறுதலாகாது. அவளது முறைப்பாட்டை அவள் மொழியிலே எழுதும் பொலிஸ் நிலையம் வேண்டும். தாழிடக்கூடிய ஓர் அறை வேண்டும். அவள் உழைத்த சம்பளம் அவள் கைக்கே வரவேண்டும். காரணத்தை ஆராய்வது வேறு, மன்னிப்பு வழங்குவது வேறு.

கனவான்களின் குற்றங்களைச் சமூகவியலாளர் ஏன் எண்ணுவதில்லையென 1939இலே சதர்லாந்து கேட்டார். அக்கேள்வியை நம் பிரதேசத்திலேயே கேட்போம். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது, மக்களை அகற்றுக எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. போவதற்கு நிலமில்லாதவர்கள் எங்கே போவார்கள்? அம்மக்கள் ஆண்டுக்கணக்காக அங்கேயே விடப்பட்டமைக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் எவர்? ஒரு கட்டு விறகுக்காகத் தொழிலாளியை மறிக்கும் சட்டத்துக்கு இவ்வளவு பெரிய அலட்சியம் கண்ணிற் படவில்லை.

ஆகவே, பரிகாரத்தைச் சிறைக்கு வெளியே தேடுதல் வேண்டும். நமது சிறைகளிலே தண்டனை பெற்றோரிற் பெருந்தொகையினர் அபராதம் கட்ட வழியற்றவர்கள். இது நீதியன்று, வறுமைக்கு விதிக்கப்பட்ட தண்டனை. சிறைக்குப் பதிலாகச் சமுதாயச் சேவையைக் கட்டளையிட 1999ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் நீதவான்களுக்கு இடமளிக்கிறது. சிறு குற்றங்களுக்கு அதுவே வழமையாகட்டும். 1948இல் பறித்த பிரசாவுரிமையைத் திரும்பப் பெற்று முடிக்க 2003 வரை சென்றது. காணியுரிமைக்கும் அவ்வாறு அரை நூற்றாண்டு காக்க இயலாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உறுதியோடு கூடிய நிலமும் தனிவீடும், பதினாறு வயதில் பள்ளியை விடும் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் ஒரு தொழிற்பயிற்சி நிலையமும் கேட்கிறோம். "பணத்துக்கு எங்கே போவது?" என்பார்கள். அபராதம் கட்ட முடியாதவனைச் சிறையில் வைத்துச் சோறு போடும் பணம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்து முதலில் எடுக்கட்டும்.